தேருக்காக எடுத்த வேகத்தடை

இப்போது போகலாம். வேண்டாம், அந்த மினி பஸ் போகட்டும். மினி பஸ் போய்விட்டது, ஆனால் அதன் முதுகை ஒட்டியே இரண்டு ஷேர் ஆட்டோ, ஷேர் ஆட்டோவுக்கு இடது பக்கமாக நுழைந்து ஒருத்தன் பைக்கில் வருகிறான். இடது பக்கம் ஓவர்டேக் எடுக்கிறவனுக்கு லைசென்ஸ் கொடுத்த புண்ணியவானைக் கண்டுபிடித்து, இதே இடத்தில், இதே நேரத்தில், ஒரு கையில் பால் தூக்குவாளியும், இன்னொரு கையில் பெற்ற தாயுமாக நிற்கவைக்க வேண்டும். என் பெண்டாட்டி செண்பகம் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறாள். பிடித்திருக்கிறாள் என்பது சரியில்லை, முறுக்கி வைத்திருக்கிறாள், தோளில் தையல் விடுவது எனக்குத் தெரிகிறது. அவளுடைய இன்னொரு கையில் தடி. மணி எட்டு நாற்பத்தொன்று. ஒன்பதுக்கு அவள் எதிரே இருக்கிற பிசியோதெரபி கிளினிக்கில் இருக்க வேண்டும். எதிரே என்றால் நேர் எதிரே. இங்கே நின்றே அதன் போர்டைப் படிக்கலாம், உள்ளே ஜெனோவா என்கிற அந்தப் பெண் மேசையைத் துடைப்பதுகூடத் தெரிகிறது. நாற்பதடி ரோடு, அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டி, விபத்தில்லா ஓட்டுநர் என்று மூன்று சர்ட்டிபிகேட் வாங்கிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற ஆவுடையப்பன் நான், இந்த நாற்பதடியைத் தாண்ட முடியாமல் போன வாரம் நான்கு நாள் வந்து நான்கு நாளும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். நேற்று ஜெனோவா போனில் சொல்லிவிட்டாள். "அங்கிள், ஆன்ட்டியோட முட்டி இறுகிட்டே வருது. இந்த வாரமும் விட்டாச்சுன்னா அப்புறம் மடக்கவே முடியாது. ஆயுசுக்கும் தடிதான்." ஆட்டோ கூப்பிட்டேன். ஆட்டோக்காரன் சிரித்தான். பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரணும் அண்ணாச்சி, ரோட்டைத் தாண்டுறதுக்கு மூணு கிலோமீட்டரா என்றான். அவன் சிரித்ததைப் பார்த்துவிட்டு செண்பகம் ஏற மாட்டேன் என்று விட்டாள். "எதுத்தாப்புல போறதுக்கு ஆட்டோவா? நான் என்ன பொணமா, தூக்கிட்டுப் போறதுக்கு?" பொணமா என்று கேட்டாளே, அந்த வார்த்தை காலையிலிருந்து காதுக்குள் நிற்கிறது. இதோ ஒரு இடைவெளி. இல்லை, டிப்பர் வருகிறது. ஊருக்குள்ளே காலை எட்டு மணிக்கு மேல் டிப்பர் வரக்கூடாது என்று ஒரு போர்டு இருக்கிறது, அந்தப் போர்டில் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். நடைபாதையும் போட்டார்கள். அதில் டயர் கடைக்காரனின் டயர் இருக்கிறது, கட்சிக் கொடிக்கம்பம் மூன்று இருக்கிறது, உறை போட்டு மூடிய ஒரு கார் ஒன்றரை வருஷமாகத் தூங்குகிறது, நடக்கிறவர்களைத் தவிர எல்லாருக்கும் அதில் இடம் இருக்கிறது. நாங்கள் இருவரும் ரோட்டில் இறங்கி சாக்கடை மூடிமேல் நிற்கிறோம். மூடி ஆடுகிறது.

"ஏளா, பயப்படாத. நான் இருக்கேன்லா." "நான் பயப்படல. நீங்கதான் பயப்படுதீய." பயமா எனக்கு? இது பயம் இல்லை, கோபம், என் கோபம் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியாதா, நாற்பது வருஷமாக என்னோடு இருக்கிறவளுக்கு. இரண்டு அடி முன்னால் வைத்தேன். ஒரு ஷேர் ஆட்டோ மூக்குக்கு முன்னால் வந்து ஒடித்துக்கொண்டு போனது, ஓட்டுகிறவன் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" செண்பகம் என்னைப் பின்னால் இழுத்துவிட்டாள். காலொடிந்தவள் என்னை இழுக்கிறாள். போகிறவன் முதுகைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன், அவன் காதில் விழுந்திருக்காது, விழுந்தாலும் என்ன, அந்தக் கேள்வியை இந்த ஊரில் அவனைவிட அதிகமாகக் கேட்டவன் நான். வீட்ல சொல்லிட்டு வந்தியா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உயரமாக உட்கார்ந்தால் கீழே நடக்கிறவன் ஆள் மாதிரியே தெரிய மாட்டான், நேரத்தைத் தின்ன வந்த ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான். டிரிப் ஷீட்டில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருப்பான், வழியில் யார் யார் தாண்டுவார்கள் என்று எவனும் எழுதுவதில்லை. ஒரு நாள் மார்க்கெட் முக்கில் ஒரு அம்மா இட்லி மாவு வாளியோடு குறுக்கே வந்துவிட்டாள். பிரேக்கில் ஏறி நின்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக்கு வெளியே தலையை விட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன், அதோடு நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தேன், கண்டக்டர் சிரித்தான், பஸ்ஸே சிரித்தது. அவள் வாளியை இறக்கி வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை, கால் வரவில்லை அவளுக்கு. அவள் முகம் ஞாபகம் இல்லை எனக்கு. வாளி ஞாபகம் இருக்கிறது, பச்சை வாளி, ஒரு பக்கம் மாவு வழிந்து காய்ந்திருந்தது. அவளுக்காகத்தான் இப்போது நான் இங்கே நிற்கிறேனா? சேச்சே, அப்படியெல்லாம் இல்லை. அப்படிக் கணக்குத் தீர்க்கிற கடவுளாக இருந்தால் என் காலை அல்லவா ஒடித்திருக்க வேண்டும்.

எட்டு நாற்பத்தேழு. வெயில் ஏறிவிட்டது, கார்த்திகை மாதத்தில் என்ன வெயில் இது. எதிரே மெடிக்கல், அதை ஒட்டிப் பெட்டிக்கடை. அந்தப் பெட்டிக்கடையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது. பிளேடு அட்டை தொங்குகிறது. ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிளேடு தீர்ந்துவிட்டது. நான் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏளா, ஒரு எட்டு எதுத்த கடையில பிளேடு வாங்கிட்டு வா." ஒரு எட்டு என்றுதான் சொன்னேன். அவள் அடுப்பில் குழம்பைக் குறைத்து வைத்துவிட்டுப் போனாள், சேலை முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு, செருப்புக்கூடப் போடாமல். பத்து நிமிஷம் கழித்துக் குழம்பு தீயும் வாசனை வந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, வழியில் யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறாள் என்று. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, திரும்பவும் உட்கார்ந்ததை. டயர் கடைக்காரன் ஓடி வந்து கதவைத் தட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இடித்தவன் நிற்கவில்லை. பைக், கறுப்பு பைக், பின்னால் ஒருத்தன் உட்கார்ந்திருந்தானாம், அவன் திரும்பிப் பார்த்தானாம், அவ்வளவுதான். இடது தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது, உள்ளே தகடு, பத்து ஸ்குரூ. அவள் கையில் பிளேடு பாக்கெட் இருந்தது, அதை விடவே இல்லை, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையில் கொடுத்தாள். "இந்தாங்க" என்றாள். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஐந்து மாதமாக நான் முகம் வழிக்கவில்லை. இந்தக் கார்த்திகையில் பார்க்கிறவனெல்லாம், மாலை போட்டிருக்கியளா அண்ணாச்சி, எத்தனாவது வருஷம் என்று கேட்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொல்வது எனக்கு ஒன்றும் புதிதில்லை. இதோ வண்டிகள் குறைகின்றன. வா, வா. அவள் தடியை முன்னால் ஊன்றினாள். ஊன்றிய இடத்தைப் பார்த்தேன், என் கால் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ரோடு மட்டும் நிறம் வேறு. புதுத் தார். ஓரடி அகலத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு பட்டை, தையல் பிரித்த துணியில் தெரிகிற தடம் மாதிரி. அங்கேதான் வேகத்தடை இருந்தது. அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூல் வேன் வந்துவிட்டது, ஹாரனை அடித்த கையை எடுக்கவே இல்லை.

அந்த வேகத்தடை இருந்தபோது எல்லா வண்டியும் இங்கே வந்ததும் மூச்சுப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி இறங்கும். செண்பகம் அது இருந்த பத்து வருஷமும் ரோட்டை நடுக்கூடம் மாதிரி தாண்டிக்கொண்டிருந்தாள். பிறகு தேர் வந்தது. எங்கள் அம்மன் கோவில் தேர் இந்த ரோட்டில் வருஷத்துக்கு ஒரு நாள், வைகாசியில், முக்கால் மணி நேரம் வரும். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் மனிதர்கள் வருவார்கள், ஆனால் மனிதர்களுக்காக இந்த ரோட்டில் எதையாவது மாற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தேருக்கு பிரேக் கிடையாது. வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு இழுக்கத்தான் தெரியும். சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கட்டையைக் கொடுத்துத்தான் தேரைத் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். சறுக்குக்கட்டை என்போம். ஒரு கட்டையைத் தூக்க இரண்டு கை வேண்டும், ஒரு நொடி பிந்தினால் போடுகிறவன் காலே போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக முன் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் நான், பஸ் டிரைவருக்குத்தான் சக்கரத்தின் மனசு தெரியும் என்று கோவிலில் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்த பொறுப்பு. போன வருஷம் தேர் இந்த மேட்டில் ஏறி இறங்கினபோது குலுங்கி, மேலே கட்டியிருந்த மரக்குதிரை ஒன்று ஒடிந்து விழுந்தது. ஆள்மேல் விழவில்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா, அபசகுனம் என்றார்கள், பிறகு, ஆவுடையப்பனுக்குக் கை தளர்ந்துபோச்சு, வேற ஆளைப் பாக்கணும் என்றார்கள். கோவில் பொருளாளர் தாணப்பன் என் முகத்துக்கு நேராகவே கேட்டான். "அண்ணாச்சி, இந்த வருஷம் கட்டைக்கு நம்ம பயலுவள விட்டுப் பாப்பமா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டையில குத்தம் இல்லடே, மேட்டுலதான் குத்தம், அந்த மேடு இருக்கிற வரைக்கும் எவன் போட்டாலும் தேர் குலுங்கத்தான் செய்யும் என்றேன். சொன்னதோடு விட்டேனா, நானே வெள்ளைத்தாள் வாங்கி வந்து நானே எழுதினேன். பக்தர்களின் நலன் கருதி மேற்படி வேகத்தடையை அகற்றித் தருமாறு. முதல் கையெழுத்து, ப. ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். எனக்குக் கீழே நாற்பத்தாறு பேர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் பார்த்துத்தான் போட்டார்கள், டிரைவரே சொல்லுதாருல்லா என்று. மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது. மூன்றே நாள்! சாமி காரியம் என்றால் இவர்களுக்கு எப்படிக் கை ஓடுகிறது. அரை மணி நேரத்தில் மேட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நாங்கள் கை தட்டினோம். தேர் இந்த வருஷம் எண்ணெய் விட்ட மாதிரி போனது, எனக்கு மாலை போட்டார்கள், செண்பகம் வாசலில் நின்று பார்த்தாள். தேர் முடிந்ததும் திரும்பப் போட்டுடுவாங்க என்று எல்லாரும் சொன்னோம். யார் போடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா? மாலையை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். பத்தொன்பதாம் நாள் பிளேடு தீர்ந்தது.

அப்புறம் எழுதினேன் ஐயா, மனுவாக எழுதினேன். மேட்டைத் திரும்பப் போடச் சொல்லி ஆனியிலிருந்து ஆறு மனு. நகராட்சி ஆபீஸில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு. பரிசீலனையில் உள்ளது. நிதி ஒதுக்கீட்டுக்குப் பின். கமிட்டி பார்வையிட்ட பின். ஆறாவது தடவை நான் சத்தம் போட்டேன், என் பெண்டாட்டி காலை யாருய்யா திருப்பித் தருவா என்று மேசையைத் தட்டினேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர், கோபப்படவில்லை, ஒரு ஃபைலை எடுத்து, முதல் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கியளே சார். இது உங்க கையெழுத்துதானே?" என் எழுத்து அழகாக இருந்தது. ஆமாம் என்று சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன், அதன் பிறகு போகவில்லை. வீட்டில் செண்பகத்திடம், பரிசீலனையில இருக்கு என்றேன். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அவள் முட்டிக்கு நான்தான் தைலம் தேய்க்கிறேன். தேய்க்கும்போது வலிக்கும். வலி வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், "அந்த மேட்டை எடுக்கச் சொன்னவன் கை வெளங்காமப் போவணும்." தினமும். தாணப்பன்தான் எழுதிக் கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவன் பெண்டாட்டி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் பக்கத்தில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. கை வெளங்காமப் போவணும் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தக் கையால் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். மினி பஸ்காரன்மேல் கோபம், பைக்காரன்மேல் கோபம், டிப்பர்மேல், ஆபீஸ்மேல், தாணப்பன்மேல். எல்லார்மேலும் கோபப்பட எனக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோபமும் சுற்றிச் சுற்றி அந்த வெள்ளைத்தாளில்தான் போய் நிற்கிறது. எட்டு ஐம்பத்தைந்து. ஜெனோவா வாசலில் வந்து நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள். "ஏங்க, இன்னைக்கும் திரும்பிருவமா?" செண்பகம் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. திரும்பிவிடுவோம் என்று சொல்லிப் பழகிவிட்டது அந்தக் குரலுக்கு. அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. வா என்று அவளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு கார் பிரேக் போட்டது, ஒரு ஸ்கூட்டர் வளைந்து போனது, பாதி ரோடு வந்துவிட்டோம். அந்தப் பக்கம் வண்டி ஓய்வதாக இல்லை. இந்தப் பக்கமும் மறுபடி தொடங்கிவிட்டது. நடுவில் வெள்ளைக் கோட்டின்மேல் நிற்கிறோம், முன்னாலும் பின்னாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள், அவள் சேலை பறந்து ஒரு பைக்கின் கண்ணாடியில் பட்டு விடுபட்டது. செத்துப்போவோம் என்று நினைத்தேன். செத்தால் இவள் தாணப்பனைத் திட்டிக்கொண்டே சாவாள். "செம்பகம்." "என்னங்க." "அந்த மேட்டை எடுக்கச் சொல்லி எழுதினது தாணப்பன் இல்ல. நான்தான். தேரு குலுங்கினதுக்கு என்னையச் சொன்னாங்கன்னு எழுதினேன். மொதக் கையெழுத்து என்னோடது." அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். "எந்தக் கையி?" என்று கேட்டாள். நான் வலது கையைக் கொஞ்சம் தூக்கினேன். அவள் முறுக்கிப் பிடித்திருந்த கை அதுதான். ஒவ்வொரு விரலாக விட்டாள். விட்டுவிட்டு, தடியைத் தூக்கி வருகிற வண்டிகளுக்கு நேராக நீட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நின்றார்கள். எப்படி நின்றார்கள் என்று தெரியவில்லை, ஒரு வேன், இரண்டு ஆட்டோ, கிறீச்சென்று, ஒருத்தன் வாயில் கெட்ட வார்த்தை பாதியில் நின்றது. அவள் ஒரு காலை இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தாள். நான் வெள்ளைக் கோட்டில் தனியாக நின்றேன், சட்டையின் வலது கை கசங்கிச் சுருண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவள் கிளினிக்கின் இரண்டாவது படியில் நின்றாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், இல்லை. முகம் கல்லாக இருந்தது. "வெளிய வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆவும்" என்றாள். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே சொன்னாள். "அம்மாம்பெரிய தேரை நிப்பாட்டுதீயல்லா? அந்தக் கட்டையக் கொண்டாந்து இங்க போடுங்க. நான் திரும்பி வரும்போது இந்த ரோடு நிக்கணும்." ஜெனோவா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது, வாங்க ஆன்ட்டி, அங்கிள் உள்ள வரலையா என்று கேட்டாள், நான் மட்டும்தான் வந்தேன் என்றாள் செண்பகம். திரும்ப எப்படித் தாண்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை, எவனாவது திட்டியிருப்பான். வீட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய தேர்க்கொட்டகைச் சாவியை எடுத்தேன், அதற்குப் பக்கத்து ஆணியில் காய்ந்து சருகான அந்த மாலை இன்னும் இருந்தது. கொட்டகையில் இருந்த கட்டைகளில் பெரிதாக இரண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். தாணப்பன் எதிரே வந்தான். "என்ன அண்ணாச்சி, தேருக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கே?" வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன், அவனிடம் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது, அதை அவன் பெண்டாட்டி முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு அந்தப் புதுத் தார்ப் பட்டையின்மேல், இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து, இந்தப் பாதியில் ஒரு கட்டை, அந்தப் பாதியில் ஒரு கட்டை. தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒரு அரசு பஸ் மெதுவாகி, முனகி, என் நெஞ்சுக்குப் பத்தடி முன்னால் நின்றது. அதன் பின்னால் வரிசையாக எல்லாம் நின்றன. மறுபக்கமும் நின்றன. ஹாரன், ஹாரன், காதே கிழிகிற ஹாரன். இளவட்டம்தான் டிரைவர், கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான், என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும், அவன் வாய் திறக்கும்முன்பே எனக்குத் தெரியும். "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" "வீட்ல இருந்துதான்டே சொல்லி அனுப்பியிருக்கா" என்று கத்தினேன், "இஞ்சினை அணைச்சிட்டு உக்காரு!" கிளினிக் கதவு திறந்தது. செண்பகம் படியிறங்கினாள். ஹாரன் சத்தத்தைக் கேட்டு நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், இடது பக்கம், வலது பக்கம், நிதானமாக, யாரோ அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிற மாதிரி. பிறகு நடந்தாள். அவசரமே படவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் வந்ததும் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றாள், டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். கட்டையைப் பிடித்தபடி குனிந்திருந்த என் பக்கத்தில் வந்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கும் ஒம்பது மணிதான்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி வீட்டுப் பக்கம் போனாள்.